இடப்பக்கம் திரும்பிய காளை

எல்லையோர ஊரான ரிவேராவின் கால்நடைக் கண்காட்சிக்கு வரவேண்டிய நடுவர் முதுகு பிடித்துப் படுத்துவிட்டார். ஹியர்ஃபோர்ட் இன மாடுகளை மதிப்பிடத் தகுதி பெற்றவர்களில் அன்று காலை கைக்குக் கிடைத்தவர் நிவியா தெச்சேரா மட்டுமே. பொலிகாளைகள் வகுப்பில் தன் அண்ணன் மில்டன் ஒரு காளையைக் கயிறு பிடித்து நடத்தி வருகிறார் என்பதை அவரே குழுத் தலைவரிடம் சொன்னார்.

"சொந்தக்காரங்க இல்லாத நடுவர் வேணும்னா மான்டிவிடியோவுலேர்ந்துதான் கூப்பிடணும். அதுக்குள்ள காளைங்களுக்கு வயசாயிடும். போம்மா, போய்ப் பாரு," என்றார் தலைவர்.

நான் ஒலிபெருக்கி மேசையில் இருந்தேன். நிவியா ஸ்பானிஷில் சொல்வதை எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்களுக்குப் போர்த்துகீசியத்தில் சொல்வது என் வேலை.

நிவியாவை எல்லாப் பண்ணைகளுக்கும் தெரியும். பசுக்களோடு விடுவதற்கு முன் பொலிகாளைகளைச் சோதித்துத் தேர்வது அவர் தொழில். கால்களை, பற்களைப் பார்ப்பார். விதைகளைக் கையால் தடவி அளப்பார். முதல் வருடங்களில் வேலியோரம் நின்றவர்கள், "மாப்பிள்ளை பாக்க வந்துட்டா," என்று கேலி செய்வார்களாம். "மாப்பிள்ளைக்கு ஒண்ணு சின்னதா இருக்கு. வீட்டுக்கு அனுப்பிடுங்க," என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாராம் நிவியா.

அன்று யாரும் கேலி செய்யவில்லை. மில்டன் வேலை பார்க்கும் பண்ணைக்குப் புதிதாக வந்திருந்த நிர்வாகி சிக்னோரெல்லி, இந்த முறை முதல் பரிசு வரவில்லையென்றால் கண்காட்சிக் காளைகளின் கொட்டகையை மூடிவிடப்போவதாகச் சொல்லியிருந்தார். கொட்டகை போனால் மில்டனும் போகவேண்டியதுதான். அது வேலி முழுக்கத் தெரிந்திருந்தது. நிவியாவுக்கும் தெரியும்.

மில்டனின் காளை பாம்பேரோ உள்ளே வந்ததும் பேச்சு அடங்கியது. மேசைபோல் மட்டமான முதுகு. ஆழமான விலா. வெள்ளை முகத்தில் ஒரு அழுக்குப் புள்ளி இல்லை. நிவியா அதைச் சுற்றி வந்தார், விலாவில் கை வைத்தார், குனிந்து விதைகளைப் பார்த்தார். குறை சொல்ல ஏதும் இல்லையென்று முகமே சொன்னது. வேலியில் சாய்ந்திருந்த சிக்னோரெல்லி கைகளைக் கட்டிக்கொண்டார்.

"இன்னொரு தடவை நடத்திக் காட்டுங்க," என்றார் நிவியா.

வகுப்பிலிருந்த ஏழு காளைகளும் வரிசையாகக் களத்தின் கடைசிவரை போய்த் திரும்பின. கயிறு பிடிப்பவர் காளையின் இடப்பக்கம் நிற்பார். திருப்பும்போது தன்னைவிட்டு விலக்கி, வலப்பக்கமாகத் தள்ளுவார். தன் பக்கம் இழுத்தால் குளம்பு காலில் ஏறும். புதிதாகக் கயிறு பிடிப்பவன்தான் அப்படி இழுத்து மிதி வாங்குவான். மில்டன் பாம்பேரோவைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பினார்.

நிவியா நின்றுவிட்டார். கன்றுகளுக்குக் கயிறு பழக்கிய நாளிலிருந்து அண்ணனின் கையை அறிந்தவர்; அது தவறிப்போய் இழுக்கும் கையல்ல.

"மில்டன், வலப்பக்கம் திருப்புங்க."

மில்டன் நகரவில்லை. தலையைத் தாழ்த்தி, "நிவி, நேத்து லாரிலேர்ந்து எறக்கறப்ப கால இடிச்சுக்கிச்சு," என்றார். மேசை பக்கத்திலேயே இருந்ததால் எனக்குக் கேட்டது.

நிவியா பின்னங்கால் மூட்டைத் தடவினார். "இடிச்சிருந்தா வீங்கியிருக்கும், சுட்டிருக்கும். ஒண்ணுமில்ல. திருப்புண்ணே."

மில்டன் சிக்னோரெல்லியைப் பார்த்தார், பிறகு கயிற்றை. தோளைக் கொடுத்துக் காளையை வலப்பக்கம் தள்ளினார்.

பாரம் முழுவதும் வலது பின்னங்காலில் இறங்கியது. தூண்போல நேராக இருந்த அந்தக் கால் மடங்கவில்லை. காளை அதைச் சரியாக ஊன்றாமல் வெட்டி இழுத்து, குட்டையாக எடுத்து வைத்தது.

எங்கள் பக்கத்தில் நடுவர் காளையின் பின்புறத்தில் உள்ளங்கையால் அறைவார்; அதுதான் தீர்ப்பு. அறைந்தபின் மாற்ற முடியாது. நிவியா வரிசையைத் திரும்பவும் கடந்தார். பாம்பேரோ அருகே நடை தளர்ந்தது. தாண்டிப் போய், எல்லைக்கு அப்பால் லிவ்ரமென்டோவிலிருந்து பண்ணைக்காரர் கவுடென்சியோ கொண்டுவந்த, சதைப்பிடிப்பில்லாத காளையின் பின்புறத்தில் அறைந்தார். சத்தம் மேசைவரை வந்தது.

காரணம் சொல்ல என்னிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

"முதுகு, விலா, விதை மூணுலயும் பாம்பேரோதான் இங்க முதல். ஆனா பின்னங்கால் நேரா இருக்கு. பசுவைத் தேடிப் பாறையில நடக்கவும், ஏறி நிக்கவும் அந்தக் கால் ரொம்ப நாளைக்குத் தாங்காது. கன்னுங்களுக்கும் அதே கால் வரும்." மில்டன் பக்கம் திரும்பினார். "சதையும் பழக்கமும் கயிறு பிடிச்சவர் கொடுத்தது. கால் பிறவியில வந்தது."

நான் ஒரு சொல்லும் விடாமல் போர்த்துகீசியத்தில் சொன்னேன். அதற்குள் சிக்னோரெல்லி போய்விட்டார். அந்த மாதமே கொட்டகை மூடப்பட்டது.

கண்காட்சியன்று மாலை மில்டன் பாம்பேரோவின் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது கவுடென்சியோ வந்தார்.

"எங் காளைங்களுக்கு நல்ல கால் இருக்கு, சதைதான் இல்ல. வேலைக்கு வர்றீங்களா? தன் பக்கமா இழுக்கற ஆளை மட்டும் கூட்டிட்டு வராதேன்னு சொல்லி அனுப்பிச்சா எம் பொண்டாட்டி."

மில்டன் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

நிவியா கொட்டிலின் மறுமுனையில், கிட்டே வராமல் நின்றிருந்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார் மில்டன், காலைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

"இடப்பக்கம் இழுத்தியே."

"வேற நடுவரா இருந்தா கவனிச்சிருப்பாரா?"

"தெரியல," என்றார் நிவியா.

மில்டன் வாளியை அவர் பக்கம் தள்ளினார். "தண்ணி தீந்துபோச்சு."

நிவியா வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.