தள்ளுவண்டிக்கு என்ன சம்பளம்?

“எனக்குப் பதினெட்டாயிரம். உங்களுக்கு எவ்வளவு?”

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் அக்கா கேட்டேவிட்டார். அந்த மனிதர் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா அசரவில்லை. பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டவர் அவர். “திருடியா வாங்கறோம்? ஒழைச்சு வாங்கறதைச் சொல்ல என்ன வெட்கம்?” என்பார். அம்மாவோடு வெளியே கிளம்பினால் மகள் பத்தடி தள்ளித்தான் நடப்பாள்.

அக்காவுக்கு ஷூ தொழிற்சாலையில் பதினோரு வருஷமாகச் செக்கிங் மேசையில் வேலை. ஷூவுக்குள் கையை விட்டு ஒரு துழாவு துழாவினால் ஆணி முனையோ பசைக் கட்டியோ அவர் விரலுக்குத் தப்பாது. விருந்துக்குப் போன வீட்டிலும் வாசலில் கிடக்கும் ஜோடிகளைப் புரட்டிப் பார்த்து, “தையல் சரியில்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்.

அந்தத் தொழிற்சாலையில் சம்பளச் சீட்டை நாலாக மடித்து ஒளித்துக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் எதிர் மேசைக்காரர் வெள்ளந்தி. சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. மதியச் சாப்பாட்டின்போது அக்கா கேட்டதும், “இருபத்து மூணாயிரம்க்கா” என்று சொல்லிவிட்டார். அதே ஷூ, அதே விளக்கு, அதே எண்ணிக்கை. அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார்.

“உங்க மேல கோவமில்ல தம்பி. உங்களுக்குக் குறைக்க வேணாம், எங்களுக்கும் அதையே குடுக்கட்டும்.”

செக்கிங்கில் அக்காவைத் தவிரப் பெண்கள் பதினாலு பேர். “வேலை போயிடும்க்கா” என்று பின்வாங்கினார்கள். பயம் அக்காவுக்கும் இருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இந்த வேலையைத்தான் நம்பியிருந்தார். இருந்தாலும் தனியாகவே மேலாளர் அறைக்குப் போனார்.

“ஆம்பளைங்க பெட்டி தூக்கறாங்கம்மா. அந்த அஞ்சாயிரம் அதுக்குத்தான்.”

அக்கா விறுவிறுவென்று வெளியே போனார். திரும்பி வந்தபோது வேலைக் கூடத்தின் தள்ளுவண்டியையும் உருட்டிக்கொண்டு வந்தார். சக்கரம் கிறீச்சிட்ட சத்தத்தில் வேலையை விட்டுவிட்டு எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

“சார், நாலு வருஷமா பெட்டி தூக்கறது இவருதான். இவருக்கு என்ன சம்பளம் போடறீங்க?”

முதலில் சிரித்தவர் எதிர் மேசைக்காரர். “நெஜம்தான் சார். நான் சேர்ந்ததிலிருந்து ஒரு பெட்டியைக்கூடத் தூக்கினதில்ல” என்று போட்டு உடைத்தார். பயந்து நின்ற பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து அக்கா பக்கத்தில் நின்றார்கள். பதினாலு பேரும் வந்தபின் அறையில் மேலாளர் எழுந்து நிற்கக்கூட இடமில்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதாக அப்போதே ஒப்புக்கொண்டார்.

மூன்று வாரம் பதில் இல்லை. அக்காவுக்குச் சரியான தூக்கமும் இல்லை.

நாலாவது வாரம் அறிவிப்பு வந்தது. செக்கிங் மேசையில் ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே சம்பளம். நாலு வருஷத்துக்கு முன் தள்ளுவண்டி வந்த மாதத்திலிருந்து நிலுவையும் உண்டு. மேலாளர் அதை அறிவிப்புப் பலகையின் உச்சியில் ஒட்டிவிட்டுப் போனார். கூடம் அதிர்ந்தது. யாரோ அக்காவைத் தூக்கியே விட்டார்கள். கீழே இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தவர் கண்ணில், கூட்டத்திலேயே குள்ளமானவள் குதிகாலை உயர்த்தி எட்டி எட்டிப் பார்ப்பது பட்டது.

அக்கா அந்தத் தாளைக் கிழியாமல் மெல்ல உரித்தெடுத்தார். அவளுடைய கண்மட்டத்துக்கு இறக்கி வைத்து, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.