எருக்குழியைக் கிளறிய கோழிகள்

மலேசியாவின் புக்கிட் செலம்பாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் எருக்குழி வைத்திருக்கிறேன். ஒரு மாதமாகத் தினமும் காலையில் அதைக் கோழிகள் கிளறி, காய்கறித் தோலை முற்றம் முழுக்க இறைத்தன. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கூட்டி அள்ளியே அலுத்துப்போனேன். என் கோழிகள் கம்பிவலைக்குள் இருந்தன. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவின் கோழிகள்தான் வெளியே திரிந்தன. ஒருநாள் வேலியோரம் நின்று கத்திவிட்டேன்.

"கோழிய அடைச்சு வளர்க்கத் தெரியலன்னா பாசார் கடையில வாங்கிச் சாப்பிடுங்கலா அக்கா!"

அக்கா அன்றே தன் கோழிகளை அடைத்துவிட்டார்.

மறுநாளும் குழி கிளறப்பட்டிருந்தது. எரிச்சலோடு அடுத்த நாள் விடியலில் வாழைமரத்தடியில் கம்போடு காத்திருந்தேன். வந்தவை என் கோழிகள். வலையின் பின்பக்கம் கம்பி பிய்ந்த இடத்தில் நுழைந்து வந்து, கிளறி முடித்து, தீனி நேரத்துக்கு வந்த வழியே உள்ளே போயின.

"அந்தக் கம்பிய கட்டுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?" என்றாள் மனைவி.

நேராக அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"உன் கோழிதான்னு எனக்கு அப்பவே தெரியும் தம்பி. எங்க அடுப்படி ஜன்னல்ல நின்னா தெரியுமே" என்றார்.

"அப்ப ஏங்க்கா சொல்லல?"

"நீ கேக்குற நெலமையிலயா இருந்த?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அன்றே கம்பியைக் கட்டினேன். உண்மை தெரிந்த இன்னும் எத்தனை பேர் என் குரலுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்களோ என்று இன்றும் யோசிக்கிறேன்.