சம்பந்தியும் இடது பின்சக்கரமும்

என் சம்பந்தி குடிக்கமாட்டார். காரைக்காலை அடுத்த நெடுங்காட்டில் எங்கள் தெருவில் இதை நம்புகிறவர் ஒருவரும் இல்லை. அதற்குக் காரணம் நான்.

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய கார் வாங்கினேன். எங்கள் தெருவுக்குச் செல்போன் வந்த புதிது அப்போது. கார் நாற்பதைத் தாண்டினால் 'ஊய்ங்' என்று அழ ஆரம்பிக்கும், கொசு சங்கீதம் பழகுவது போல. மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். ஆனால் இயற்பியல் படித்தவன் நோய் இன்னதென்று தெரியாமல் வைத்தியரிடம் போவதா? நானே ஆராய்ந்தேன். நியூட்ரலில் உருட்டினாலும் அழுகை நிற்கவில்லை. ஆக, இன்ஜின் இல்லை, சக்கரத்து பேரிங். எந்தப் பக்கத்துச் சக்கரம்? வண்டியை வலப்பக்கம் ஒடித்தால் பாரம் இடப்பக்கம் சாயும். அப்போது சத்தம் கூடினால் கோளாறு இடப்பக்கம், குறைந்தால் வலப்பக்கம். கண்டுபிடிக்க ஒரே வழி, ஓடும்போதே காரை வளைத்து வளைத்து ஓட்டுவது.

இந்தச் சோதனைக்கு நான் தேர்ந்தெடுத்தது, மகனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் பெற்றோர் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த நாளை.

கும்பகோணத்துப் பக்கத்துக் குடும்பம். பெண்ணின் அப்பா தலைமையாசிரியராக இருந்தவர். ஜாதகம், பையன் வேலை எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊர்தான் உறுத்தியது. "தப்பா நெனைக்காதீங்க, சரக்கு வெல கொறைச்சல்னு எங்க ஊர்லேருந்தே காரைக்காலுக்குப் பஸ் புடிச்சுப் போறாங்க. அதான் யோசனையா இருக்கு" என்று தரகரிடம் இழுத்திருக்கிறார். மகன் சென்னையிலிருந்து போன் செய்தான்: "அப்பா, அன்னிக்கு மட்டும் கார்ல எதையும் நோண்டாம இருங்கப்பா."

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் அவர்களை ஏற்றிக்கொண்டேன். அவர் என் பக்கத்தில். அவருடைய மனைவியும் என் மனைவியும் பின்னால். வயல்வெளி வந்தது, ரோடு காலியானது, 'ஊய்ங்' தொடங்கியது. பல்லைக் கடித்துப் பார்த்தேன். கை கேட்கவில்லை. வலப்பக்கம் கொஞ்சம் ஒடித்தேன், பிறகு இடப்பக்கம்.

அவர் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றினார். "பள்ளமா சார்?"

"இல்லீங்க. சத்தத்தக் கவனிக்கிறேன்."

"என்ன சத்தம்?"

"அழுவுற மாதிரி. உங்களுக்குக் கேக்கல?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே." பஸ்ஸிலேயே வாழ்ந்தவர். எல்லா வண்டியும் இப்படித்தான் கத்தும் என்று நினைத்திருக்கிறார்.

சாட்சிக்கு மனைவியைக் கூப்பிட்டேன். "நீ சொல்லு. கேக்குதுல்ல?"

வரப்போகும் சம்பந்திகள் எதிரில் நம் கார் ஓட்டை என்று ஆகிவிடக்கூடாதே என்பது அவள் கவலை. "எனக்கு எதுவும் கேக்கலைங்க" என்றாள், கல் மாதிரி.

ஆக, காலை வேளையில், வேறு யாருக்கும் கேட்காத அழுகையைக் கேட்டபடி பாம்பு போல வண்டி ஓட்டும் காரைக்கால்காரன் ஆனேன். ஒரு டீக்கடையிலிருந்து குரல் வந்தது: "பெருசு, காலையிலயேவா!"

காரை ஓரங்கட்டினேன். "ஊதிக் காட்டட்டுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் முகத்தில் ஊதினேன். கண்ணை மூடி, பரீட்சைத்தாள் திருத்துகிற முகத்தோடு முகர்ந்தார்.

"வெங்காயச் சட்னி" என்றார். பிறகு, "இருந்தாலும் நானே ஓட்டுறேனே. லைசென்ஸ் வெச்சிருக்கேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்தவனுக்குக் காது வேறு. வண்டி ஐம்பதைத் தொட்டதும், "அட, ஆமா!" என்றார்.

"வலப்பக்கம் ஒடிங்க."

"கூடுது!"

"இப்ப இடப்பக்கம்."

"கொறையுது சார், கொறையுது!"

பின்னாலிருந்து அவர் மனைவி மெல்லச் சொன்னார்: "என் சீட்டுக்கு அடியிலதாங்க. ஏறுனதுலேருந்து கேக்குது. சொன்னா மரியாதையா இருக்காதேன்னு பேசாம இருந்தேன்."

இடது பின்சக்கரம்! நாங்கள் இருவரும் கைகுலுக்கிக்கொண்டோம். "ஸ்டியரிங்கப் புடிங்க!" என்று இரண்டு பெண்களும் அலறினார்கள்.

அந்த மகிழ்ச்சியை அவரால் அடக்க முடியவில்லை. எங்கள் தெருவுக்குள்ளும் அப்படியே வளைந்து வளைந்து நுழைந்தார். ஒரு கோழி பறந்தது. வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கி, மண்டியிட்டு, சக்கரம் சுடுகிறதா என்று தடவிப் பார்த்து, அதை அணைத்துக்கொண்டு சிரித்தார். "இவன்தான் சார், இவன்தான்!" வேட்டி நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. தெருவே வாசலுக்கு வந்திருந்தது.

வரவேற்க நின்றிருந்த என் அண்ணன் என்னைத் தனியே இழுத்தார். "வழியில எங்கடா நிறுத்துனீங்க?"

பேரிங் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. சிரித்தேன். வழியெல்லாம் என்மேல் இருந்த சந்தேகம் இன்னொருவர்மேல் போய் உட்கார்ந்தது எனக்குச் சுகமாக இருந்தது. எங்கள் ஊரைப் பற்றி யோசித்தவர்தானே என்ற அற்பமும் அதில் கலந்திருந்தது.

மறுநாள் பேரிங் மாற்றினேன். அழுகை நின்றது. சம்பந்தமும் முடிவானது. ஆனால் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், அண்ணன் அவரை மரியாதையாக ஓர் அறைக்கு அழைத்துப்போய், துண்டுக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்திருக்கிறார். "கூச்சப்படாதீங்க சம்பந்தி, எல்லாம் நம்ம வீடுதான்."

அவர் நேராக என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "என்னையப் பாத்தா அப்படியா சார் தெரியுது?"

"அண்ணன் எல்லார்கிட்டயும் அப்படித்தாங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரண்டு நல்ல மனிதர்களின் பெயரை நான் கெடுத்தேன்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க அவர் வரும்போதெல்லாம் தெருக்காரர்கள், "பாத்து, மெதுவாப் போங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். வயதுக்குத் தரும் மரியாதை என்று எண்ணி அவர் கும்பிடுகிறார். அதைப் பார்க்கச் சகிக்காமல் போன வாரம் அண்ணனிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நியூட்ரல், பாரம், இடது பின்சக்கரம், வெங்காயச் சட்னி, ஒன்றுவிடாமல்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"இத்தன வருஷம் கழிச்சும் சம்பந்திய விட்டுக்கொடுக்க மாட்டேங்குற பாரு. நல்ல மனசுடா ஒனக்கு."