யாரு கை வச்சது?

கதவு திறந்ததும் கண்ணாயிரம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "யாரு கை வச்சது?" செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பு தயார். குற்றவாளி வீட்டுக்காரர்தான், எந்த விரல் என்பது மட்டுமே விசாரணை. டெஸ்டர் சட்டைப்பையில் பேனா மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதை அவர் வெளியே எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு.

மாமல்லபுரத்துக்கு வரும் கடற்கரைச் சாலையை ஒட்டி இருபத்துநான்கு வீட்டுக் குடியிருப்பு. வயரிங் செய்தவர் அவர். கட்டி முடிந்தபின் பராமரிப்புக்கும் அவரே தங்கிவிட்டார். கட்டியவர் ஏதோ குளிர்தேசத்துப் படத்தைப் பார்த்து மயங்கியிருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு சுவரில் இரண்டு குமிழ். ஒன்று குளியலறை வெந்நீருக்கு, மற்றது கூடத்தைச் சூடாக்க. சித்திரையில் சுவரைத் தொட்டாலே சுடுகிற ஊர் இது. விளம்பரத்தில் இதற்குப் பெயர் 'வெளிநாட்டு வசதி'.

குடிவந்த வாரமே எல்லா வீட்டிலும் ஒரே புலம்பல். வெந்நீர் வரவில்லை, வீடு வேகிறது. கண்ணாயிரம் மாடி மாடியாக ஏறி வகுப்பெடுத்தார். நம் ஜனங்களுக்கு ஹீட்டர் என்றால் குளிக்கிற தண்ணீர்தான். அதனால் 'ஹாட் வாட்டர்' இருக்க 'ஹீட்டிங்' என்ற குமிழைத் திருகித் தொலைக்கிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. இல்லை என்று சொன்னவர்களை அவர் நம்பியதே கிடையாது. கீழ்வீட்டு எல்லம்மாளைத்தான் உதாரணம் காட்டுவார். "அது கைநாட்டு. அது வூட்ல வென்னி ஜோரா வந்துகினு கீது. படிச்சவங்க உங்களுக்கு இன்னா?" படித்தவர்கள் வெட்கப்பட்டு, ஆளுக்கொரு வாட்டர் ராடு வாங்கிக்கொண்டார்கள். மூன்று வருடம் நிம்மதியாகப் போயிற்று.

போன மாதம் மூன்றாம் மாடிக்கு ஜாய்ஸ் குடிவந்தாள். செங்கல்பட்டில் நர்ஸ் வேலை. பிள்ளை பெற்றுப் பதினோரு நாள் ஆகிறது. அவள் அம்மா சாராள் அடுப்பில் அண்டா அண்டாவாகத் தண்ணீர் சுடவைத்துக் குளியலறைக்குத் தூக்கி, கையில் கொப்புளம் கண்டுவிட்டது. ஜாய்ஸ் குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தாள். இதையும் சரிசெய்யாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சங்கத் தலைவர் காசிநாதன் கண்ணாயிரத்திடம் சொல்லிவிட்டார்.

கண்ணாயிரம் போய் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஜாய்ஸ் கோபப்படவில்லை. இரண்டு குமிழையும் அணைத்து, கைகட்டி நின்றாள்.

"நான் தொடலண்ணா. ஹாட் வாட்டர்னு போட்டுகீதே, அத நீங்களே திருவுங்க."

திருகினார். கால் மணி நேரம் மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். குழாயில் வந்தது பச்சைத் தண்ணீர். கூடமோ இட்லிப் பானையாயிற்று. கண்ணாயிரத்தின் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது.

டெஸ்டர் வெளியே வந்தது. குமிழ்களின் மூடியைக் கழற்றினார். உள்ளே வயர்கள் இடம் மாறியிருந்தன. மூன்று முறுக்கு, அதன்மேல் குறுக்காகப் பச்சை டேப். உலகத்தில் வேறு யாரும் அப்படி ஒட்டுவதில்லை. அவருக்குத் தன் கையெழுத்தைப் படித்தது போலிருந்தது. இருபத்துநான்கு வீட்டையும் ஒரே வாரத்தில், ஒரே மாதிரி முடித்தது நினைவுக்கு வந்தது. எழுத்துத் தெரியாத எல்லம்மாள் கைக்கு வந்த 'ஹீட்டிங்' குமிழைத் திருகி மூன்று வருடம் வெந்நீரில் குளித்திருக்கிறாள். படித்தவர்கள்தான் வெந்து போனார்கள்.

இதை வெளியே சொன்னால் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு வேலை போகும். வயரை மாற்றிப் பொருத்தி மூடினார். என்ன கோளாறு என்று ஜாய்ஸ் கேட்டாள்.

"வயரு லூசும்மா."

குழாயில் ஆவி பறந்தது. சாராள் வாளி நிறையப் பிடித்துவிட்டு, ஈரக் கையோடு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கைய கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும் நைனா." அவள் உள்ளங்கைக் கொப்புளம் அவர் விரலில் உரசியது.

கண்ணாயிரத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வெளியே வந்தார். லிஃப்ட் திறந்தே இருந்தது. அவர் அதில் ஏறவில்லை. யாரும் கூப்பிடாத எதிர்வீட்டு மணியை அழுத்தினார். ஜான்சன் கதவைத் திறந்தார். மூன்று வருடத்துக்கு முன் கண்ணாயிரத்திடம் அதிகமாகத் திட்டு வாங்கியவர் அவர்தான். கண்ணாயிரம் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். "கை வச்சது நான்தான் சார்."