தரைக்கும் நாற்காலிக்கும் நடுவே

என் அக்கா ரீபா ப்ளஸ் டூவில் வாங்கிய மார்க்கைப் பார்த்து எங்கள் தெருவே அவளை இன்ஜினியர் ஆக்கிவிட்டது. பாளையங்கோட்டையில் அப்படித்தான். அவளோ அகமதாபாத் போய் ஃபர்னிச்சர் டிசைன் படிக்கப்போகிறேன் என்றாள். அப்பா கிருபைராஜ், மிஷன் பள்ளி ஒன்றில் கிளார்க். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏட்டி, நாக்காலி செய்யதுக்கு ஒரு படிப்பா?"

"உக்கார வாரவன் ஒடம்பைத்தானப்பா கொண்டு வாரான்? அந்த ஒடம்பைப் படிக்கணும்லா."

அவள் சிறுவயதிலிருந்தே அப்படி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் போதகர் ஐயரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவள் பெஞ்சில் யார் எந்தப் பக்கம் சாய்கிறார்கள், பிரசங்கம் நீண்டால் முதலில் யாருடைய கால் அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். படிப்பு முடிந்ததும் பெங்களூரில் அலுவலக நாற்காலிகள் வடிவமைக்கும் வேலை கிடைத்தது. அப்பாவுக்கும் சமாதானமாயிற்று.

சில வருடங்களுக்கு முன் கிறிஸ்துமஸ் லீவில் அவள் வந்திருந்தபோது, முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் சபை மருத்துவ முகாம் நடத்தியது. நான்தான் வேன் ஓட்டினேன். வந்த பெண்களில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். எல்லோருக்கும் ஒரே வலி, இடுப்பும் முட்டும். எலும்பு டாக்டர் எல்லோருக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்: தரையில் உட்காராதீர்கள், நாற்காலியில் உட்காருங்கள். இசக்கிச்செல்வி என்ற பெண்மணி மட்டும் எழுந்தும் போகாமல் நின்றார்.

"நாக்காலில உக்காந்தா பீடித்தட்டு மடியில நிக்காதுங்கய்யா. சரிஞ்சு தூளெல்லாம் கொட்டிப் போவும். பொறவு நான் எங்கன வச்சுச் சுத்த?"

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா, ஒன்றைக் கையில் தூக்கியபடியே நின்றுவிட்டாள்.

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு இசக்கிச்செல்வியின் வீட்டுக்குப் போனாள். அவர் சுவரை ஒட்டி உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, இலையை வெட்டி, தூளைப் பரப்பி, உருட்டி, நூல் கட்டுவதைக் கண் இமைக்காமல் பார்த்தாள்.

"பாரு எபி," என்றாள் பைய. "ஒரு காலை மடக்குதாவ, ஒரு காலை நீட்டுதாவ, பொறவு மாத்துதாவ. தட்டு அசையவே இல்ல. மடியையே மேசையாக்கி வச்சிருக்காவ!"

மேலப்பாளையத்தில் தாஜ் முகம்மதுவின் மரப்பட்டறையில் முதல் இருக்கை தயாரானது. தேக்கு. தொட்டால் கை வழுக்கும், அவ்வளவு நேர்த்தி. இசக்கிச்செல்வியின் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டோம். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அதன்மேல் மிக்சி உட்கார்ந்திருந்தது.

"கோவிச்சுக்கிடாத தாயி," என்றார் இசக்கிச்செல்வி. "காலை மாத்த விட மாட்டங்கு. அழகா இருக்கேன்னு மிக்சிய வச்சுக்கிட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு தட்டு குடுங்கக்கா," என்றாள்.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டாள். அப்பா அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போனார். அக்கா தினமும் பஸ் ஏறிப் போய்ப் பீடி சுற்றினாள். அவள் சுற்றியதைப் பார்த்து அந்தத் தெருப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை எடுத்துக்கொள்ளும் பீடிக்கடையில் அதில் ஒன்றைக்கூட எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் வலி மட்டும் அவளுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஒரு நாள் சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினாள்.

"எபி, இடுப்பு பின்னால சரியுது! அதை முன்னால தள்ளிட்டாப் போதும், முதுகு தன்னால நிமிந்துரும்!"

அதற்குப் பிறகு செய்தவையெல்லாம் ஒரு சாண் உயரம்தான். இருக்கை முன்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். முன்விளிம்பு பிறை மாதிரி உள்வாங்கியிருக்கும், எந்தக் காலையும் மடக்கலாம். பின்னால் இடுப்பை மட்டும் தாங்க ஒரு சிறு பட்டை. சொல்வது சுலபம். ஒன்று கவிழ்ந்து இசக்கிச்செல்வியின் தலையெல்லாம் புகையிலைத் தூள். இன்னொன்று தொடையை அறுத்தது. தாஜ் முகம்மது அலுக்காமல் பிரித்துப் பிரித்துச் சேர்த்தார்.

"இது பலகையுமில்ல, நாக்காலியுமில்ல. யாராச்சும் கேட்டா என்னன்னும்மா சொல்ல?"

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுன்னு சொல்லுங்க பாய்."

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு நாள் காலையில் புதிதாக ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டோம். இசக்கிச்செல்வி உட்கார்ந்தார். காலை மாற்றினார். தட்டு அசையவில்லை. மதியம் தாண்டியது. எங்களை மறந்தே போனார். சாயங்காலம் தட்டை இறக்கி வைத்துவிட்டு, வழக்கம்போல் சுவரைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு எழுந்தார். கை சுவரைத் தொடுவதற்குள் அவர் நின்றுகொண்டிருந்தார். நீட்டிய கையையே பார்த்தார்.

"ஏ தாயி, நான் எந்திச்சிட்டேன்."

வேறு யாரோ எழுந்துவிட்டதைச் சொல்வது போலிருந்தது அந்தக் குரல். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் மரமும் கோணமும் ஒரு மனுஷியை இப்படி நிமிர்த்துமா என்று அவளே நம்பாத மாதிரி நின்றாள்.

பீடிக்கடைக்காரர்கள் யாரும் அதை வாங்கிக் கொடுக்க முன்வரவில்லை. பெண்களின் சுயஉதவிக் குழுதான் செய்யச் சொன்னது. அதிலிருந்து அக்காவுக்குச் சொந்தத் தொழில் அமைந்தது. தாஜ் முகம்மது பட்டறையின் முன்பாதி இப்போது அவளுடைய அலுவலகம். பூக்கட்டுகிறவர்களும் தையல்காரர்களும் தேடி வருகிறார்கள். அப்பா வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கு இடுப்பெலும்பைப் பற்றி வகுப்பெடுக்கிறார்.

போன பங்குனியில் அந்தத் தெரு வழியாக நானும் அவளும் நடந்துபோனோம். வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டுக்கு வீடு வாசலில் பெண்கள் அந்த இருக்கையில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார்கள். முன்பு அந்தத் தெருவில் நடந்தால் குனிந்த தலைகளின் வகிடுகள்தான் தெரியும். இப்போது முகங்கள் தெரிந்தன. இசக்கிச்செல்வி எதிர்வீட்டு சுடலைவடிவிடம் ஏதோ சொல்ல, அவர் தெருவைத் தாண்டிப் பதில் சொல்ல, மூன்றாம் வீட்டில் ஒருத்தி சிரித்தாள். கைகள் தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தன.

அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"எபி, இந்தப் பேச்சையும் சிரிப்பையும் நான் வரையவே இல்லயே," என்றாள்.

அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே அவள் அங்கேயே நின்றாள். நானும் நின்றேன்.