ஐந்தாம் நம்பர் கால்

செருப்புக் கடையில் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆள் உள்ளே நுழையும்போதே ஏழு, எட்டு என்று கால் நம்பரைச் சொல்லிவிடுவாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் கண் தவறியது ஏழெட்டுத் தடவை இருக்கும். அளவுப் பலகையை எடுப்பதெல்லாம் வந்தவர்களின் மனத்திருப்திக்காகத்தான்.

அந்தப் பலகையில் தன் காலை மட்டும் அவள் வைத்ததே இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று ஐந்தாம் நம்பர் ஷூ கொடுத்தார்கள். கவுன்ட்டரில் நிற்கும் பெண்கள் கடைச் சரக்கையே போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். கறுப்பு நிறம், கூர்முனை, இரண்டு விரற்கடை உயரக் குதி. வருஷத்துக்கு ஒரு ஜோடி, எப்போதும் அதே ஐந்து. கடித்தால், வாடிக்கையாளரிடம் சொல்வதையே தனக்கும் சொல்லிக்கொள்வாள்: "போடப் போட விட்டுக்கொடுக்கும்." அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற பொய் அது. சொல்லிவிட்டு நம்பியவள் அவள் ஒருத்திதான்.

விட்டுக்கொடுத்தவை விரல்கள். இரண்டு காலிலும் இரண்டாம் விரல் நடுக்கணுவில் கூன் போட்டு, நுனி தரையைக் குத்திக்கொண்டு நின்றது. வலது விரலின் கூன்மேல் கொண்டைக்கடலை அளவுக்குக் காய்ப்பு. அதை வாரம் ஒரு முறை பிளேடால் சீவி, மேலே கால் ஆணி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒரு நாள் ஷூவுக்குள் பிசுபிசுத்தது. கழற்றிப் பார்த்தால் ரத்தம். வலியே தெரியவில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவளுக்குச் சர்க்கரை இருந்தது.

வீட்டில் அவளும் அக்காவும் மட்டும். அக்காவுக்கும் சர்க்கரைதான். நாலு வருஷத்துக்கு முன் ஒரு சின்னக் கொப்புளத்தில் ஆரம்பித்து, முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே சமைப்பாள், துணி மடிப்பாள், வாயாடுவாள்.

"என்னடி, நொண்டிக்கிட்டு வர்றே?"

"ஷூ கடிச்சிருக்கு."

"எனக்கும் கடிச்சுதுன்னுதான் ஆரம்பிச்சுது. இந்த வீட்டுல ரெண்டு பேருக்கும் சேர்த்து இருக்கிறதே மூணு காலு. அதுல ஒண்ணைத் தொலைச்சுட்டு வந்தேன்னா, கதவைத் தொறக்கக்கூட ஆள் இருக்காது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ."

போனாள். டாக்டர் விரலைப் பார்த்ததுமே, "சுத்தியல் விரல்" என்றார்.

"ஆபரேஷன் பண்ணி ஒரேயடியா நேராக்கிடுங்க டாக்டர்."

"உங்க சர்க்கரைக்கும், கால்ல ஓடுற ரத்தத்துக்கும், கத்தி வச்சா ஆறாதும்மா. கத்தி இல்லாமத்தான் சமாளிக்கணும்."

புண்ணைக் கட்டி, எதிர் அறைக்கு அனுப்பினார். அங்கே கைகால் பயிற்சி கொடுக்கும் பெண்மணி அவளை வெறுங்காலோடு ஒரு தாளின்மேல் நிற்கவைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டாள். கத்தரித்த தாள்மேல் ஷூவை வைத்தாள். ஷூவுக்கு வெளியே இரண்டு பக்கமும் தாள் பிதுங்கிக்கொண்டு நின்றது.

"ஆறாம் நம்பர், அதுவும் அகலக் கால். என்ன வேலை பார்க்குறீங்க?"

"கடையில."

"என்ன கடை?"

அளவுக்காரி பிதுங்கிய தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "செருப்புக் கடை."

"வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க!" என்று சிரித்தாள் பயிற்சிக்காரி. சிரித்தபடியே விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். வலது விரலுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. "இடது விரல் இழுத்தா நீளுது. பொறுமையா செஞ்சா இதைக் காப்பாத்திடலாம். வலது கணு இறுகிப்போச்சு, இனி நேராகாது. அதுல மறுபடி புண்ணு வராம பார்த்துக்கலாம், அவ்வளவுதான்."

பிளேடும் பிளாஸ்திரியும் குப்பைக்குப் போயின. விரல்கள் உள்ளே அசையும் அளவுக்கு முனை அகலமும் உயரமும் உள்ள ஷூ, தட்டைக் குதி, விரலடியில் மெத்தைத் துண்டு. தினமும் கையால் விரலை இழுத்துப் பிடித்து நீட்ட வேண்டும். தரையில் துணியைப் போட்டுக் கால்விரலால் பத்து முறை சுருட்டி இழுக்க வேண்டும். கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

"இதையெல்லாம் செஞ்சுட்டு அந்தக் கூர் ஷூவுக்குள்ள காலை நுழைச்சீங்கன்னா, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதைதான்" என்று அனுப்பிவைத்தாள்.

புண் ஆறியதும், அகலமான துணி ஷூவோடு கடைக்குப் போனாள். சின்ன முதலாளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னக்கா வேஷம் இது?"

டாக்டர் சீட்டை நீட்டினாள். "ஒரு மூணு மாசம்தான் தம்பி."

"கவுன்ட்டருக்கு எதிர்ல ஆளுயரக் கண்ணாடி இருக்கு. வர்றவங்க முதல்ல உங்க காலைத்தான் பார்ப்பாங்க. நீங்க உள்ள சரக்கறையில இருங்க."

"மூணு மாசம் கழிச்சு?"

"பார்க்கலாம்."

வாங்காமல் போகிறவர்கள் வாசலில் சொல்லும் சொல் அது. அவளுக்கா தெரியாது?

அன்று சாயங்காலம் அக்காவிடம், "கூர் ஷூவையே போட்டுக்கலாமான்னு பார்க்குறேன். பகல்ல மட்டும்தானே" என்றாள்.

அக்கா நாற்காலியை அவள் பக்கம் உருட்டினாள். மடிமேல் கிடந்த துண்டை விலக்கி, முழங்காலோடு முடிந்துபோன காலைக் காட்டினாள். "இதுலயும் பகல்ல மட்டும்தான்டி போட்டேன்."

சரக்கறைக்கு ஜன்னல் கிடையாது. கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள், பசை வாசனை, ஒரு ஸ்டூல். கவுன்ட்டருக்கும் அதற்கும் நடுவே ஒரு திரைச்சீலை. கேட்ட நம்பரை எடுத்து வெளியே நீட்டுவது வேலை. இடைநேரத்தில் தரையில் துணியைப் போட்டு விரலால் இழுத்தாள். ஒரு நாள்கூட விடவில்லை.

மூன்று மாதத்தில் இடது விரல் தரையில் படிந்தது. வலது விரல் கூன் போட்டபடியே இருந்தது, ஆனால் புண் வரவில்லை. "நல்ல பலன்" என்று பயிற்சிக்காரி எழுதினாள். இனி எப்போதும் அகல ஷூதான் என்றும் எழுதினாள். கடையில் அந்தச் சீட்டைக் காட்டியபோது, "சந்தோஷம்க்கா" என்றார் சின்ன முதலாளி, தலையைத் தூக்காமல். அவள் நின்ற இடத்தில் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் திரையின் இடுக்கில் ஒரு வாடிக்கைக்காரியின் பாதம் தெரிந்தது. ஆறு, அகலம். கண் இன்னும் தவறவில்லை.

புதியவள் திரையை விலக்கினாள். "அக்கா, கறுப்பு கூர்முனை, அஞ்சு."

அளவுக்காரி ஆறை எடுத்துக் கொடுத்தாள். போனது அப்படியே திரும்பி வந்தது.

"அஞ்சுதான்க்கா கேட்டேன். ஆறுல கால் பெரிசாத் தெரியுதாம்."

"அது ஆறாம் நம்பர் காலும்மா."

"எனக்கும் தெரியுதுக்கா. அஞ்சுதான் வேணுங்கிறாங்க. சண்டையா போட முடியும்?"

ஏணியில் இரண்டு படி ஏறி ஐந்தை எடுத்துக் கொடுத்தாள். திரை மூடிக்கொண்டது. அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் முக்கலும் முனகலுமாக இருந்தது. அப்புறம் புதியவளின் குரல்: "போடப் போட விட்டுக்கொடுக்கும் மேடம்."

அளவுக்காரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். இடது காலைத் துணிமேல் வைத்து இழுத்தாள். ஒன்று, இரண்டு. இன்னும் எட்டு இருந்தது.