கார்த்திகைக் கட்டம்

என் கணவரின் அண்ணனைப் பழிவாங்க எனக்கு முழுதாக ஒரு வருஷம் பிடித்தது. அந்த வருஷம் பூராவும் அவரிடம் சிரித்த முகமாகவே இருந்தேன் என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. கணவருக்குத் தேரடிப் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை. அவர் சம்பளம் வாடகைக்கும் பழைய கடனுக்கும் போய்விடும். அடுப்பு எரிவது என் சம்பளத்தில். ஆபீஸ் பழக்கத்தில் வீட்டுக்கும் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். மேலே பன்னிரண்டு மாதம், ஓரத்தில் அரிசி, பால், மண்ணெண்ணெய், டாக்டர் என்று வரிசை. இப்போது என் மகள் இதையே கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு ஸ்பிரெட்ஷீட் என்கிறாள்.

அந்தத் தாளில் கார்த்திகைக்கு மட்டும் தொகை மற்ற மாதங்களைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். ஏன் என்று எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் சொல்வாள். தீபத்துக்குக் கொடியேறினால் சொந்தபந்தம் கடுதாசிகூடப் போடாமல் வந்து இறங்கும். வராதே என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பாலும் காய்கறியும் யானை விலை குதிரை விலை விற்கும். ஆடியிலிருந்தே வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தால்தான் சமாளிக்க முடியும்.

கணவரின் அண்ணன் மெட்ராஸில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுபவர். எங்கள் ஊர் விலைவாசி அவருக்குத் தெரியாது. வருஷா வருஷம் மனைவி, பிள்ளைகள், மச்சான் குடும்பம் என்று பட்டாளத்தோடு வந்து, தெப்பம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அப்படி ஒரு வருஷம், கிளம்புகிற அன்று, கூடத்தில் உட்கார்ந்து என் தாளை எடுத்துப் பார்த்தார். தீபத்துக்கு வந்திருந்த என் அப்பாவும் அங்கேதான் இருந்தார்.

"இன்னாம்மா இது? கார்த்திகைக்கு மட்டும் இவ்ளோ ஜாஸ்தி? சம்பாதிக்கிற திமிர்ல கண்டபடி செலவு பண்றியா?"

அவர் தின்ற சோறுதான் அந்தக் கட்டத்தில் இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அப்பா பக்கம் திரும்பிவிட்டார்.

"பொண்ணுக்குக் கணக்கு வழக்கு சொல்லிக் குடுக்கலையா நீங்க? இனிமே இவ சம்பளம் எங்கிட்ட வரட்டும். மாசத்துக்கு இவ்ளோன்னு நான் அனுப்புறேன். மீதி பேங்க்ல இருக்கட்டும்."

"அறியாத பொண்ணுங்க. தெரியாம பண்ணிட்டா. மனசுல வெச்சிக்காதீங்க" என்று அப்பா கைகூப்பினார். போளூர்ப் பக்கம் பயிர் வைத்துப் பிழைத்தவர். கடன்காரனிடம்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. என் கணவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சம்பளம் போனதையாவது பொறுத்திருப்பேன். அப்பா கும்பிட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கே மனசுக்குள் கணக்குத் தீர்க்க முடிவுசெய்துவிட்டேன்.

மறு மாதமே புதுத் தாளில் கட்டம் போட்டு, ஒரு எண்கூட எழுதாமல், மெட்ராஸுக்கு அனுப்பினேன். எனக்குத்தான் கணக்குத் தெரியவில்லையே, மாமாவே தன் கையால் பட்ஜெட் போட்டுக் கொடுத்தால் அப்படியே நடந்துகொள்வேன் என்று கூடவே நாலு வரி. மனிதர் குளிர்ந்துபோய்விட்டார். அழகான கையெழுத்தில் நிரப்பி, அடியில் சிவப்பு மையில், "கட்டத்துக்கு மேல் ஒரு பைசா செலவு செய்யக் கூடாது" என்று எழுதி அனுப்பினார். பிரித்துப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே தொகை. ஆனிக்கு எவ்வளவு பாலோ கார்த்திகைக்கும் அவ்வளவே பால்.

"அண்ணனுக்கு எழுதிப் போடலாமா? கார்த்திகைக்குப் பத்தாதே" என்றார் கணவர்.

"எழுதினீங்கன்னா நான் எங்கப்பா வீட்டுக்குப் போய்டுவேன்" என்றேன்.

கார்த்திகை வந்தது. அண்ணனும் பட்டாளமும் வந்து இறங்கினார்கள். நான் ஓடிப்போய்ப் பைகளை வாங்கி வைத்தேன். இரண்டு நாள் இலை நிறையப் பரிமாறினேன். மூன்றாம் நாள் காலை எல்லாருக்கும் வரக்காப்பி. மத்தியானம் சோறும் புளித்தண்ணீரும். இரவு கஞ்சி. பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தேன். அவர்கள் மேல் எனக்கு என்ன கோபம்?

"பால் எங்கம்மா?" என்றார் அண்ணன், மறுநாளும் வரக்காப்பியைப் பார்த்து.

"கட்டத்துல இருந்த பால் தீர்ந்துபோச்சுங்க, மாமா." சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். "நீங்க போட்டதுதாங்க."

ரோஷம் வந்து, தூக்குப் பாத்திரத்தோடு தானே கிளம்பினார். அந்தக் கூட்டத்தில் நெரிபட்டு, சட்டை கசங்கி, அரைத் தூக்குப் பாலோடு திரும்பினார்.

"இன்னா விலை சொல்றான்! அநியாயம்!"

"தீபத்துக்கு இங்க எப்பவும் இதாங்க விலை. வருஷா வருஷம் இந்த விலைக்குத்தான் வாங்கி உங்களுக்குக் காப்பி போட்டேன்."

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. என் கணவர் முதல்முறையாக அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தார்.

அண்ணன் தூக்கைக் கீழே வைத்தார். பிறகு, "சரிம்மா. உன் சம்பளத்த நீயே வெச்சிக்க. பேங்க்ல கெடக்கறதையும் அனுப்பிடறேன். தப்பு என் பேர்லதான்" என்றார்.

எனக்கு இனித்தது. ஆனால் போதவில்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது, மாமா? எங்கப்பாகிட்ட சொல்லுங்க. வாங்க, இப்பவே பஸ் இருக்கு."

தீபக் கூட்டத்தை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் போளூர் பஸ்ஸில் அவரை ஏற்றினேன். அப்பாவின் முகம் எப்படி மலரும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அப்பா களத்தில் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தள்ளுகட்டையைப் போட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அண்ணன் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் அப்பா இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"மறுபடியும் எதுனா தப்பு பண்ணிட்டாளுங்களா?"

அப்பா நாற்காலி எடுத்துவர வீட்டுப் பக்கம் திரும்பினார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"சொல்லுங்க, மாமா" என்றேன். அண்ணன் தன் தப்பை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை அவரை உட்காரச் சொல்லவில்லை. மறுபடி கூப்பிவிடாதபடி அப்பாவின் கையையும் நான் விடவில்லை.